சிவப்பு விளக்கில் 74 விநாடி! கூட்டிக் கழித்துப் பார்த்தால் குற்றவாளி யார்?

சிவப்பு விளக்கில் நிற்கிற எல்லோருக்கும் ஒரே சந்தேகம்தான். "நம்ம ரோட்டுக்கு மட்டும் பச்சை ஏன் சட்டுனு அணைஞ்சு போகுது? எதிர் ரோட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரம் எரியுது? இதை எவன்வே வச்சான்?"

வண்ணார்பேட்டையில் நிற்பவரும் இதைத்தான் கேட்கிறார். பாளையங்கோட்டையில் நிற்பவரும் கேட்கிறார். டவுனுக்கு அல்வா வாங்க வந்த வெளியூர்க்காரரும் கேட்கிறார். போலீஸ்காரரைத் திட்டுகிறவர் உண்டு. மிஷினைத் திட்டுகிறவர் உண்டு. முன்னால் நிற்கும் பஸ்சைத் திட்டுகிறவர்தான் அதிகம்.

உண்மையில் அந்த விநாடிகளுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பென்சிலும் துண்டுச் சீட்டும் இருந்தால் பத்தாம் வகுப்புப் படித்தவர் போட்டுவிடலாம். போட்டுப் பார்த்தால் ஒரு விஷயம் வெளிச்சத்துக்கு வருகிறது. நம்மைக் காக்க வைப்பது பல நேரம் விளக்கு அல்ல. விளக்குக்குக் கீழே ரோட்டு ஓரத்தில் நடக்கும் காரியங்கள்தான்!

லண்டனில் வெடித்த விளக்கு

ரோட்டுக்கு விளக்கு வைக்கும் யோசனை முதலில் வந்தது லண்டனில். 1868-ம் வருஷம் டிசம்பரில் பார்லிமெண்டு கட்டிடத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பம் நட்டார்கள். ரயில்வே கைகாட்டி மாதிரியே கை ஏறும், இறங்கும். ராத்திரிக்குச் சிவப்பு, பச்சை கேஸ் விளக்கு. போலீஸ்காரர் ஒருவர் கீழே நின்று திருப்புவார். அடுத்த மாதமே, 1869 ஜனவரியில், கேஸ் கசிந்து விளக்கு வெடித்தது. திருப்பிக்கொண்டிருந்த போலீஸ்காரருக்குக் காயம். அத்தோடு அந்த யோசனையை மூட்டை கட்டி வைத்தார்கள்.

பிறகு 1914-ல் அமெரிக்காவில் கிளீவ்லாண்டு நகரத்தில் மின்சார விளக்கு வந்தது. 1920-ல் டெட்ராய்ட் நகரத்தில் நாலு பக்கமும் தெரியும் மூன்று வண்ண விளக்கு வந்தது. ஆனால் எந்த விளக்கு எத்தனை விநாடி எரிய வேண்டும் என்பதற்கு ரொம்ப நாள் வரை குத்துமதிப்புதான். நின்று பார்ப்பார்கள், கூட்டம் ஜாஸ்தியாக இருக்கும் பக்கம் கொஞ்சம் கூட்டி வைப்பார்கள்.

1958-ல்தான் இதற்கு ஒரு சூத்திரம் கிடைத்தது. இங்கிலாந்தில் சாலை ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த எப்.வி.வெப்ஸ்டர் என்பவர் அதைக் கண்டுபிடித்தார். கம்ப்யூட்டர் அபூர்வமாக இருந்த அந்தக் காலத்திலேயே அதன் துணையோடு வண்டி வரிசைகளை ஓடவிட்டுப் பார்த்து, சராசரி வண்டி எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்று அவர் கணக்குப் போட்டார். அவருடைய சூத்திரம் இன்றைக்கும் உலகம் பூராவும் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1985-ல் வெளியிட்ட சிக்னல் விதிமுறைகள் நிற்பதும் இந்த மாதிரிக் கணக்கின் மேல்தான்.

இடம் தீர்ந்தது, நேரம்தான் பாக்கி

நம்ம ஊருக்கு இந்தக் கணக்கு எதற்கு?

நெல்லைக்கும் பாளைக்கும் நடுவே தாமிரபரணி ஓடுகிறது. 1843-க்கு முன்னால் ஆற்றைக் கடக்கப் படகுதான். கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் சொந்தப் பணத்தைப் போட்டுப் பாலம் கட்ட வைத்தார். அந்தப் பாலம் இன்றும் நிற்கிறது. பக்கத்திலேயே புதுப் பாலமும் வந்துவிட்டது. ஜங்ஷனில் ரயில் பாதை மறித்தது. 1970-களில் திருவள்ளுவர் ஈரடுக்கு மேம்பாலம் வந்தது. கீழ் அடுக்கில் சின்ன வண்டியும் ஆட்களும், மேல் அடுக்கில் பெரிய வண்டியும் போக வழி பிறந்தது.

அதெல்லாம் இடத்தைக் கூட்டிய காலம். இனி டவுன் ரத வீதிகளை அகலப்படுத்த முடியுமா? நெல்லையப்பர் தேர் ஓடுகிற வீதியில் எந்தக் கடையை இடிப்பது? ரோடு நீளாது, அகலாது. வண்டி மட்டும் கூடிக்கொண்டே போகும். பங்கு போட மிச்சம் இருப்பது நேரம் ஒன்றுதான். அந்தப் பங்கைப் போடுகிற கருவிதான் சிக்னல்.

மடை திறக்கும் கதை

தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதுசே அல்ல. ஒரு வாய்க்காலில் நாலு மடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறைச்சல். முறை வைத்துத்தான் விட வேண்டும். முதல் மடைக்கு இவ்வளவு நேரம், இரண்டாவது மடைக்கு இவ்வளவு நேரம் என்று சுற்றி வந்தால் ஒரு முறை முடியும். நிலம் ஜாஸ்தி உள்ள மடைக்கு நேரம் ஜாஸ்தி. இதுவரை யாருக்கும் தெரியும்.

இன்னொரு விஷயம் விவசாயிக்குத்தான் தெரியும். மடையைத் திறந்த உடனே வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்துவிடாது. காய்ந்து கிடக்கும் கால் முதலில் கொஞ்சம் தண்ணீரைக் குடித்துவிடும். மடையை மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் இந்த நஷ்டம் உண்டு. அடிக்கடி மாற்றினால் தண்ணீரில் பாதி காலுக்கே போய்விடும். மாற்றாமலே இருந்தால் கடைசி மடைக்காரர் பயிர் கருகிவிடும்.

சிக்னலும் அப்படியேதான். பச்சை விழுந்ததும் முதல் வண்டி கியர் போட்டு நகர இரண்டு விநாடி போகும். மஞ்சளும், எல்லாப் பக்கமும் சிவப்பாக நிற்கும் நேரமும் சேர்ந்து இன்னும் கொஞ்சம் போகும். ஒவ்வொரு ரோட்டுக்கும் சுமார் 4 விநாடி யாருக்கும் உதவாமல் வீணாகிறது என்று வைத்தால், நாலு ரோட்டுக்கும் தனித்தனியாகப் பச்சை கொடுக்கும் சந்திப்பில் ஒரு சுற்றுக்கு 16 விநாடி நஷ்டம்.

துண்டுச் சீட்டில் போடும் கணக்கு

இப்போது வெப்ஸ்டர் சூத்திரத்துக்கு வருவோம். ஊரில் எந்தச் சந்திப்பையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. புரிவதற்காக ஒரு நாலுமுக்கு ரோட்டை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒவ்வொரு ரோட்டின் "பளு" என்ன என்று பார்க்க வேண்டும். பச்சை எரிந்துகொண்டே இருந்தால் ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டி அந்த ரோட்டில் பாயுமோ, அது ரோட்டின் சக்தி. நிஜமாக எத்தனை வண்டி வருகிறதோ, அது தேவை. தேவையைச் சக்தியால் வகுத்தால் பளு.

சக்திக்கு வெப்ஸ்டர் சொன்ன கணக்கு சுலபம். ரோட்டு வாயின் அகலம் எத்தனை மீட்டரோ, அதை 525-ஆல் பெருக்க வேண்டும். 8 மீட்டர் என்றால் 4,200. இது கார் கணக்கு. பஸ், லாரி, பைக் எல்லாவற்றையும் காருக்குச் சமமாக மாற்றித்தான் எண்ண வேண்டும். அந்த ரோட்டில் மணிக்கு 840 கார் அளவு வருகிறது என்றால் பளு 0.20. அதாவது மொத்த நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அந்த ரோட்டுக்கு அவசியம் தேவை.

நம்ம நாலுமுக்கில் இரண்டு பெரிய ரோட்டுக்குப் பளு தலா 0.20. இரண்டு சின்ன ரோட்டுக்குத் தலா 0.15. கூட்டினால் 0.70.

இப்போது சூத்திரம்: நஷ்ட விநாடியை ஒன்றரையால் பெருக்கு. ஐந்தைக் கூட்டு. ஒன்றிலிருந்து மொத்தப் பளுவைக் கழித்து, வருவதைக் கொண்டு வகு. நஷ்டம் 16-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 24. ஐந்து கூட்டினால் 29. ஒன்றில் 0.70 போனால் 0.30. 29-ஐ 0.30-ஆல் வகுத்தால் சுமார் 97.

ஒரு முழுச் சுற்று 97 விநாடி! அதில் 16 போனால் மிச்சம் 81. பளுவுக்குத் தகுந்தபடி பிரித்தால் பெரிய ரோட்டுக்குத் தலா 23, சின்ன ரோட்டுக்குத் தலா 17 விநாடி.

பெரிய ரோட்டில் பச்சையை மயிரிழையில் தவறவிட்டவர் 97-ல் 23 போக 74 விநாடி நிற்க வேண்டும். தலைப்பில் போட்ட 74 இதுதான். இது அநியாயம் இல்லை. அந்தச் சந்திப்பில் எல்லோருக்கும் சராசரியாகக் குறைந்த காத்திருப்பு தரும் ஏற்பாடே இதுதான்.

கூட்டினாலும் ஆபத்து, குறைத்தாலும் ஆபத்து

"74 விநாடி எதுக்கு? சுற்றை 40 விநாடியாக வச்சா சீக்கிரம் சீக்கிரம் வருமே!" என்று சிலர் சொல்கிறார்கள்.

போட்டுப் பார்ப்போம். 40-ல் 16 நஷ்டம். மிச்சம் 24. அதாவது மொத்த நேரத்தில் நூற்றுக்கு 60 பங்குதான் வண்டி போகும். தேவையோ நூற்றுக்கு 70. ஒவ்வொரு சுற்றிலும் சில வண்டி மிஞ்சி நிற்கும். அடுத்த சுற்றில் இன்னும் சேரும். ஒரு மணி நேரத்தில் வரிசை அடுத்த சந்திப்பு வரை நீண்டுவிடும்.

"அப்போ 200 விநாடியா வச்சிருவோம்!" என்பார் இன்னொருவர். அப்போது நஷ்டம் குறையும், உண்மைதான். ஆனால் சின்ன ரோட்டுக்காரர் பச்சையைத் தவறவிட்டால் 160 விநாடிக்கு மேல் நிற்க வேண்டும். அவர் நிற்பாரா? சிவப்பிலேயே நுழைந்துவிடுவார். ரொம்ப நீளமான சிவப்பு நல்ல மனுஷனையும் குற்றவாளி ஆக்கும். ஒரு சுற்று 120 விநாடியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது பொறியாளர்களின் பொதுவான வழக்கம். அதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு ஆறுதல். சூத்திரம் சொல்வதற்கு முக்கால் பங்கு முதல் ஒன்றரைப் பங்கு வரை சுற்று இருந்தால், சராசரிக் காத்திருப்பு 10 முதல் 20 சதவீதத்துக்கு மேல் ஏறாது என்று வெப்ஸ்டரே பார்த்துச் சொல்லியிருக்கிறார். 97 என்பது 90 ஆனாலும் 110 ஆனாலும் தலை போகாது. அப்படியென்றால் தலை போகிற விஷயம் எது?

ரோட்டோரம் நிற்கும் கார்

இதுதான் அது! அதே நாலுமுக்கு. அதே வண்டிகள். ஒரே ஒரு மாற்றம். இரண்டு பெரிய ரோட்டின் வாயிலும் ஓரத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். "ரெண்டே நிமிஷம் அண்ணாச்சி, பொருளை வாங்கிட்டு எடுத்துருதேன்" என்று சொல்லிவிட்டு ஒருவர் போகிறார். அவர் எடுத்ததும் இன்னொருவர் வருகிறார். 8 மீட்டரில் 2 மீட்டர் போச்சு.

இப்போது அகலம் 6 மீட்டர். சக்தி 3,150. வருகிற வண்டி அதே 840. பளு 0.20 இல்லை, 0.27-ஐ நெருங்கிவிட்டது. நாலு ரோட்டையும் கூட்டினால் 0.70 ஆக இருந்தது 0.83 ஆகிறது.

சூத்திரத்தில் போடுங்கள். 29-ஐ 0.30-ஆல் வகுத்த இடத்தில் இப்போது ஆறில் ஒரு பங்கால் வகுக்க வேண்டும். விடை 174!

97 விநாடிச் சுற்று 174 ஆகிவிட்டது. பெரிய ரோட்டுக்காரர் காத்திருப்பு 74-லிருந்து சுமார் 123-க்கு ஏறியது. சின்ன ரோட்டுக்காரருக்கு இன்னும் மோசம். 80 ஆக இருந்தது 146! அவர் ரோட்டில் யாரும் வண்டி நிறுத்தவில்லை. அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனாலும் தண்டனை அவருக்குத்தான் ஜாஸ்தி.

120-க்கு மேல் போகக்கூடாது என்று சுற்றை அங்கேயே நிறுத்தினால்? 120-ல் 16 போக 104 விநாடி கையில். தேவை 100. மிச்சம் வெறும் 4 விநாடி. ஒரு பஸ் நடுவழியில் நின்றால் போச்சு. ஒரு ஆட்டோ குறுக்கே திரும்பினால் போச்சு. அன்று காலை முழுக்க நெரிசல்தான். ஓரத்தில் வண்டி இல்லாதபோது இதே 97 விநாடிச் சுற்றில் 13 விநாடி மிச்சம் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா?

கடைக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. வாடிக்கையாளர் வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்பது நியாயம். ஆனால் அந்த இடம் சிக்னல் வாயில் இருக்கக் கூடாது. சந்திப்பிலிருந்து தள்ளி நிறுத்தினால் இந்தக் கணக்கு கெடாது. வாய் அடைபட்டால்தான் மூச்சு முட்டும். மடை வாயில் கல்லைப் போட்டுவிட்டு, "தண்ணி வரலை" என்று சொன்னால் எப்படி?

எந்த சூத்திரமும் காப்பாற்றாத இடம்

பளு 0.90 ஆனால் விடை 290 விநாடி. கிட்டத்தட்ட ஐந்து நிமிஷம். பளு ஒன்றைத் தொட்டால் வகுக்க எதுவும் இல்லை, பூஜ்யம். அதாவது எத்தனை விநாடி வைத்தாலும் போதாது. கணக்கே கையை விரித்துவிடும்.

இதன் உக்கிரத்தைப் பார்க்க ரயில்வே கேட்டில் நின்றால் போதும். குலவணிகர்புரம் கேட் என்றால் பாளைக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. எந்தக் கேட்டுக்கும் பொருந்தும் ஒரு கணக்கு: கேட் 6 நிமிஷம் மூடுகிறது. நிமிஷத்துக்கு 10 வண்டி வருகிறது. 60 வண்டி சேரும். திறந்ததும் நிமிஷத்துக்கு 25 வண்டி வெளியேறும்; புதுசாக 10 வந்து சேரும். வரிசை நிமிஷத்துக்கு 15 வீதம் குறையும். 4 நிமிஷத்தில் சரியாகிவிடும்.

வருகிற வண்டி இரண்டு மடங்கு, அதாவது நிமிஷத்துக்கு 20 என்று ஆனால்? 120 வண்டி சேரும். திறந்த பிறகு நிமிஷத்துக்கு 5 தான் குறையும். சரியாக 24 நிமிஷம்! வண்டி இரண்டு மடங்கு ஆனால் அவஸ்தை ஆறு மடங்கு. "போன வருஷம் இப்படி இல்லையே, திடீர்னு என்ன ஆச்சு?" என்று கேட்கிறோம். திடீரென்று ஒன்றும் ஆகவில்லை. பளு ஒன்றை நெருங்கிவிட்டது, அவ்வளவுதான்.

மஞ்சளுக்கு வழக்கு போட்டவர்

பச்சைக்கும் சிவப்புக்கும் கணக்கு பார்த்தோம். மஞ்சளுக்கும் கணக்கு உண்டு. 1960-ல் காசிஸ், ஹெர்மன், மரதூதின் என்ற மூன்று விஞ்ஞானிகள் அமெரிக்காவில் போட்டது. 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் மஞ்சளைப் பார்த்துச் சுதாரிக்க ஒரு விநாடி. நிதானமாகப் பிரேக் பிடிக்க வேண்டிய தூரத்தைக் கணக்கில் சேர்த்தால் சுமார் 2 விநாடி. ஆகமொத்தம் 3 விநாடியாவது மஞ்சள் வேண்டும். குறைந்தால், நிற்கவும் முடியாமல் கடக்கவும் முடியாமல் ஒரு மனுஷன் நடுவில் மாட்டிக்கொள்வான்.

இந்த மஞ்சள் கோர்ட்டு வரை போன கதை சுவாரஸ்யமானது. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலம் பீவர்ட்டன் நகரத்தில் 2013-ல் ஒரு பெண்ணுக்கு சிக்னல் கேமரா அபராதம் விதித்தது. அவர் கணவர் மாட்ஸ் யார்ல்ஸ்ட்ரோம் மின்னணு வேலை தெரிந்தவர். மஞ்சள் கணக்கை எடுத்துப் பார்த்தார். நேராகப் போகிறவருக்கு அது சரி, திரும்புவதற்காக வேகத்தைக் குறைக்கிறவருக்கு நேரம் பத்தாது என்று கண்டுபிடித்தார். அதிகாரிகளுக்கு எழுதினார். அந்த மாநிலத்துப் பொறியாளர் வாரியம் என்ன செய்தது தெரியுமா? "லைசென்ஸ் இல்லாமல் இன்ஜினீயர் வேலை பார்த்தாய்" என்று 500 டாலர் அபராதம் போட்டது!

அவர் விடவில்லை. வழக்கு போட்டார். பொதுஜனம் கணக்குப் போட்டுக் கேள்வி கேட்பது பேச்சுரிமை என்று 2018 டிசம்பரில் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. 2020-ல் அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியாளர் சங்கம் திரும்புகிற வண்டிக்கான கணக்கையும் தன் வழிமுறையில் சேர்த்துக்கொண்டது. சாமானியன் போட்ட கணக்கு ஜெயித்தது.

கணக்கில் இல்லாத பாட்டி

எல்லாம் சரி. வெப்ஸ்டர் சூத்திரத்தை மறுபடி பாருங்கள். அதில் வண்டி இருக்கிறது. அகலம் இருக்கிறது. நஷ்ட விநாடி இருக்கிறது. நடந்து போகிற மனுஷன் எங்கே?

இல்லை! நாமாகச் சேர்த்தால்தான் உண்டு. சேர்க்காவிட்டால் அவருக்கு நேரம் பூஜ்யம்.

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு மருந்துச் சீட்டோடு வருகிற பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ரோடு 15 மீட்டர் அகலம். நடப்பவர் விநாடிக்கு 1.2 மீட்டர் போவார் என்று வைத்துத்தான் பொதுவாகக் கணக்குப் போடுகிறார்கள். அந்த வேகத்தில் 15 மீட்டரைக் கடக்க 12½ விநாடி. ஆனால் முட்டி வலிக்கிற பாட்டி அவ்வளவு வேகம் போவாரா? விநாடிக்கு 0.8 மீட்டர் என்று வையுங்கள். கிட்டத்தட்ட 19 விநாடி. வாலிபருக்குப் போட்ட கணக்கு முடிந்து 6 விநாடி கழித்தும் பாட்டி ரோட்டில்தான் இருப்பார். அந்த 6 விநாடிதான் உயிருக்கும் சாவுக்கும் உள்ள தூரம்.

"நடப்பவருக்கென்று தனியாக ஒரு முறை விட்டால் என்ன?" என்று கேட்கலாம். எல்லா வண்டியையும் 15 விநாடி நிறுத்தினால், வண்டிகளைப் பொறுத்தவரை நஷ்டம் 16-லிருந்து 31 ஆகும். நம்ம நாலுமுக்கில் 97 விநாடிச் சுற்று 172-ஐத் தொடும். அதனால்தான் பல ஊர்களில் நடப்பவரைச் சத்தம் போடாமல் கணக்கிலிருந்து கழித்துவிடுகிறார்கள்.

ஆனால் வழி இருக்கிறது. செலவும் குறைவு. ரோட்டு நடுவில் நின்றுகொள்ள ஒரு திட்டு கட்டினால் போதும். பாட்டி ஒரே மூச்சில் 15 மீட்டர் போக வேண்டாம். ஏழரை மீட்டர் போய் நிற்கலாம். அவர் வேகத்திலேயே 9½ விநாடி. பக்கத்து ரோட்டுக்குப் பச்சை எரிகிற 17 விநாடியில் பாதி ரோட்டைக் கடந்துவிடலாம், திரும்புகிற வண்டியை மட்டும் நிறுத்தி வைத்தால். சுற்றை ஒரு விநாடி கூட நீட்ட வேண்டியதில்லை. கொஞ்சம் சிமெண்டும் கல்லும் செய்கிற வேலையை எந்தக் கம்ப்யூட்டரும் செய்யாது.

லண்டன் கணக்கு நெல்லைக்கு ஒத்து வருமா?

இன்னொரு கேள்வி. வெப்ஸ்டர் எண்ணியது இங்கிலாந்து ரோட்டில். அங்கே கார் பின்னால் கார். இங்கே? சிவப்பு விழுந்ததும் பைக்குகள் சந்து சந்தாக நுழைந்து முன்வரிசைக்கு வந்துவிடும். பச்சை விழுமுன்னே, மூன்று, இரண்டு என்று எண்கள் இறங்கும்போதே பாதிப் பேர் கிளம்பியாச்சு. பச்சையில் முதல் பத்து விநாடியில் இங்கே பாய்கிற கூட்டம் வேறு, அங்கே வேறு.

இதற்காகவே புதுடெல்லியில் உள்ள மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் பல பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து இந்திய ரோடுகளில் எண்ணிப் பார்த்து 2017-ல் தனிக் கையேடு கொண்டுவந்தது. நமக்குப் பக்கத்து ஊரான திருவனந்தபுரத்தில், சி-டாக் என்ற மத்திய அரசு கம்ப்யூட்டர் நிறுவனம் "கோசிகாஸ்ட்" என்ற முறையை உண்டாக்கியிருக்கிறது. ரோட்டில் உணர்கருவி வண்டியை எண்ணும். வருகிற கூட்டத்துக்குத் தகுந்தபடி பச்சை கூடும், குறையும். கூகுள் கம்பெனியும் 2023-ல் செல்போன் தகவலை வைத்து விளக்கு நேரத்தைத் திருத்தும் திட்டத்தை அறிவித்தது. கொல்கத்தா, ஐதராபாத், பெங்களூர் அந்தப் பட்டியலில் உண்டு.

வரிசையாகச் சந்திப்புகள் உள்ள ரோட்டுக்கு இன்னொரு உபாயம் உண்டு. இரண்டு சிக்னலுக்கு நடுவே 500 மீட்டர். வண்டி 30 கிலோமீட்டர் வேகம் என்றால் போய்ச் சேர சரியாக 60 விநாடி. முதல் விளக்கு பச்சையாகி 60 விநாடி கழித்து அடுத்தது பச்சையாக வேண்டும். இரண்டு விளக்குக்கும் சுற்று ஒரே அளவாக இருக்க வேண்டும். அப்போது ஒரு தடவை கிளம்பியவர் நிற்காமலே போய்விடலாம். வேகமாக முறுக்கிக்கொண்டு போகிறவர் அடுத்த சிவப்பில் பல்லை இளித்துக்கொண்டு நிற்பார். 30-ல் போகிறவர் ஜெயிப்பார்!

செய்ய வேண்டியது என்ன?

மிஷின் வாங்குவது பிறகு. முதலில் எண்ண வேண்டும். வண்டியையும் எண்ண வேண்டும், நடப்பவரையும் எண்ண வேண்டும். காலை பள்ளிக்கூட நேரத்துக்கு ஒரு கணக்கு. மத்தியானத்துக்கு ஒன்று. சாயங்காலம் ஆபீஸ் விடும் நேரத்துக்கு ஒன்று. தீபாவளி வாரத்துக்கும் ஆனித் திருவிழாவுக்கும் தனியாக ஒன்று. காலைக்குப் போட்ட விநாடியை ராத்திரி பத்து மணிக்கும் ஓட விட்டால், ஆள் இல்லாத ரோட்டுக்குப் பச்சை எரிந்துகொண்டு இருக்கும். நீங்கள் வெறும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள்.

அந்த எண்ணிக்கையைச் சந்திப்பிலேயே ஒரு பலகையில் எழுதி வைத்தால் என்ன? "இந்த ரோட்டில் மணிக்கு இத்தனை வண்டி, இத்தனை ஆள். பச்சை இத்தனை விநாடி. கடைசியாக எண்ணிய தேதி இது." அவ்வளவுதான். எந்தக் குமாஸ்தாவும் பென்சிலை எடுத்துச் சரிபார்த்துவிடுவார். தேதி பழசாக இருந்தால் கேட்டும் விடுவார்.

நெல்லை கால்வாயிலும் பாளையங்கால்வாயிலும் தண்ணீர் பங்கு விஷயத்தில் ஒரு நாழிகை தவறினால் கேட்கிற ஊர் இது. ரோட்டில் மட்டும் நம்ம பங்கு எவ்வளவு என்று தெரியாமலே ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிறோம். ஹாரன் அடித்தால் சிவப்பு பச்சை ஆகாது. சிக்னல் வாயில் நிற்கும் காரை எடுத்தால் ஆகும். பாட்டிக்கு நடுரோட்டில் ஒரு திட்டுக் கட்டினால், அவர் வீடு போய்ச் சேருவார்.

கணக்கு ரெடி. போடுவதற்குத்தான் ஆள் வேண்டும். மாநகராட்சியும் போக்குவரத்து போலீசும் பென்சிலை எடுக்குமா?